சொற்றேர்வும் பொருட்டெளிவும்

ஒரு பொருளைக் குறிப்பனவாகப் பல சொற்கள் ஒரு மொழியின்கண் வழங்குதல் அம்மொழியின் வளத்திற்கு அறிகுறியாம். அவ்வளம் தமிழின்கண் மிகுதியும் உண்டென்பது அறிஞர் யாவர்க்கும் உடன்பாடு. ஆயினும், வளம் மிக்கவிடத்து இடர்ப்பாடும் உடன்றோன்றும். ஒன்றற்கொன்று அணித்தாய பொருளுடைய சொற்களை வேற்றுமை யறியாது மாற்றி வழங்குவோமாயின், நம் கருத்து ஒன்றாகக் கேட்போர் கொள்ளுங் கருத்து மற்றொன்றாய் முடியும். உலகியற் பேச்சில் இப்பிழை பெரும்பாலும் சிறு தீங்கோடு ஒழியும். சமயநூற் பாடத்திலோ ஒரு சொல் மாறியவழிக் கொள்கையே மாறும். சிலபோது கேட்போர் நெஞ்சமும் புண்படும். இதனை யாம் ஏட்டளவில் அறிந்திருந்தோமாயினும், பட்டறிந்தது ஒரு பாடத்தின்கண்ணே யாகும். அதனை முதற்கண் உரைத்து, பின்னர்ச் சித்தாந்த நூல்களின்வழி இப்பொருளை ஆராய்வாம்.

1. ஒரு வினா

சில யாண்டுகளுக்கு முன்னர் அன்பர் சிலர்க்குத் திருவருட்பயன் பாடஞ் சொல்லி வந்தோம். மூன்றாம் அதிகாரமாகிய இருண்மல நிலையைத் தொடங்கிய அன்று, கேட்போருட் பலர் நூற்பயிற்சி யில்லாதவராகலின், எளிதின் விளங்கவேண்டு மென்னுங் கருத்தால், "ஆணவமாவது செருக்கு, அஃது எல்லா உயிர்களிடத்தும் அனாதியே உள்ளது" என்று உரைத்துச் சென்றோம். பாடம் முடியுங்கால், பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், பயிர்த்தொழில் செய்பவர், எழுந்து கைகூப்பி, "சுவாமி, என் மகள் வயிற்றுப் பேரன் பிறந்து இருபது நாளில் இறந்து போனான். எங்கள் முகத்தை நன்றாகப் பார்த்ததுகூட இல்லை. அவனுக்கும் செருக்கு இருந்தது என்றா சாத்திரம் சொல்லுகிறது?" என்று வினாவினார்.

யாம் விடை கூறுமுன், அருகிருந்த மாணாக்கர் ஒருவர், "எல்லாம் முன்னை வினைக்குத் தண்டனை, ஐயா" என்றார். முதியவர் ஒன்றுங் கூறாது அமர்ந்தார். பாடம் அவ்வளவில் நின்றது.

அம்மாணாக்கர் தீய எண்ணத்தாற் கூறினாரல்லர்; யாமும் பொய்யுரைக்கக் கருதினோமல்லேம். ஆயினும், செருக்கு, தண்டனை என அன்று வழங்கப்பட்ட இரண்டு சொற்களும் உரிய சொற்களுக்கு அயலே நிற்பனவேயன்றி உரிய சொற்களல்ல. அன்றிரவே நூல்களை மீட்டும் எடுத்து நோக்கினோம். அந்நோக்கத்தின் பயனே இக்கட்டுரை.

2. நிகண்டின் துணையும் அதன் எல்லையும்

ஒரே சொல் பொருள் பலவற்றைத் தருதலும், சொற்கள் பலவாய்க் கூடி ஒரு பொருளைத் தருதலும் ஆகிய இருவகையினையும் தொல்காப்பியனார் உரியியலின்கண் ஓதினார். உறு, தவ, நனி என்னும் மூன்றும் மிகுதிப்பொருளன என்று அவர் காட்டியது இரண்டாவது வகைக்குச் சான்று. பிற்காலத்து நிகண்டு நூலார் இவ்வகையினை விரித்துப் பெருந்தொகுதிகளாக்கினர். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளையுடையது. அவற்றுள் 11-ஆவது ஒரு சொல்லின் பல பொருள்களைத் திரட்டுவது. அதற்கு முன்னுள்ளன பெரும்பாலும் ஒரு பொருளின் பல பெயர்களை அடுக்குவன.

இந்நூல்கள் செய்யுள் இயற்றுவார்க்கும் பயில்வார்க்கும் பெருந்துணையாவன. ஆயின், ஒரு வரிசையில் நின்றமையான் அச்சொற்கள் யாண்டும் தம்முள் மாறத்தக்கன என்று கொள்ளற்க. ஒரு கூரையின்கீழ் வாழ்தலானே தமையனுந் தம்பியும் ஒருவராகார். சொற்களின் உறவினைக் காட்டுதல் நிகண்டின் தொழில். அவற்றின் வேற்றுமையைக் காட்டுதல் உரையாசிரியரின் தொழில். நிகண்டோடு நின்றுவிட்ட கல்வி பாதிக் கல்வியேயாம்.

நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் வழூஉச்சொற் புணர்த்தலையும் மயங்க வைத்தலையும் வேறுவேறாக எண்ணினார். அயற்சொல் வழங்குதல் இவற்றுள் இரண்டாவதன்பாற் படும் என்பது எம் கருத்து. என்னை? செருக்கு என்பது வழுவுடைய சொல்லன்று. தன்னிடத்தே நல்ல சொல்லே. பிறிதொன்றன் இடத்தில் நிறுத்தப்பட்டமையால் அது கேட்போரை மயக்கிற்று. வழூஉச்சொல் செவிக்கு உடனே உறுத்தும், அயற்சொல் உறுத்தாது. ஆகலின் இதுவே பெரிதும் அஞ்சத்தக்கது.

3. ஆணவம், அகங்காரம், செருக்கு

ஆணவம் என்னுஞ் சொல் அணு என்பதன் அடியாகப் பிறந்தது. இயல்பின் வியாபகமாகிய உயிரினது அறிவை அணுப்போலச் சுருக்கி நிற்றலின் அப்பெயர் பெற்றது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில் இதனைச் சகசமலம் என்னும் பெயரால் வழங்கினார். சகசமாவது உடனுள்ளது, அஃதாவது உயிர் உள்ள அன்றே உள்ளது என்றவாறு. செம்பிற் களிம்பினை இதற்கு உவமையாகச் சான்றோர் கூறுவர்.

அகங்காரம், மனம் புத்தி அகங்காரம் சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கனுள் ஒன்று, 24 ஆன்ம தத்துவங்களுள் அடங்குவது, மாயையின் காரியம். யான் என எழுதற்குக் கருவியாய் நிற்பது. கருவியாகலின் அஃது உயிரின் அறிவைச் சிறிது விளக்குவதேயன்றி முற்ற மறைப்பதன்று. விடியுமளவும் உதவும் விளக்கினை மாயைக்கு உவமையாக உமாபதிசிவனார் இருண்மல நிலையின் இறுதியிற் கூறியதும் இதுபற்றியேயாம்.

செருக்கோ எனின், செல்வம் கல்வி குலம் முதலியன பற்றி ஒருவன் உள்ளத்தே தோன்றி, அவை நீங்கியவழித் தானும் நீங்குவதொரு குற்றம். திருவள்ளுவர் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தின் முதற்கண் இதனை வைத்து, கடியப்படுவனவற்றுள் ஒன்றாக எண்ணினார். களிம்பு செம்போடு உள்ளது. செருக்கு அச்செம்பின்மேற் படிந்த தூசி போல்வது. தூசியைத் துடைத்தற்குத் துணியே அமையும். களிம்பு நீங்குதற்கு இரசகுளிகை வேண்டும்.

இம்மூன்றனையும் வேறுபடுத்தி அறிதற்கு ஆழ்ந்த உறக்கத்தை நோக்குக. உறங்குவானிடத்துச் செருக்கு இல்லை. அவன் அரசனாயினும் அடிமையாயினும் அப்பொழுது ஒக்கும். அகங்காரமும் தொழிற்படாது ஒடுங்கி நிற்கும். ஆணவமோ அப்பொழுதும் அவன் அறிவை மறைத்தே நிற்கும். இனி, கலை முதலிய கருவி யாதுமின்றி உயிர் ஆணவம் ஒன்றனோடே கிடக்குங் கேவலாவத்தையில் அகங்காரம் என்பதற்கே இடமில்லை. ஆண்டுச் செருக்கு யாங்ஙனம் உளதாம்?

ஆணவத்தைச் செருக்கென்றே கொண்டால் விளையும் இடர்கள் இரண்டு. பணிவுடையான் ஒருவனுக்கு ஆணவம் இல்லை என்பதும், அதனால் அவனுக்குத் திருவருளும் தீக்கையும் வேண்டா என்பதும் முதலாவது. நல்லொழுக்கத்தானே மலம் நீங்குமென்று கொள்ளின், சித்தாந்தத்தின் அடிப்படையே சாய்ந்துவிடும். இரண்டாவது இடரை அம்முதியவர் வினாவிற் கண்டோம். கருவிகள் இன்னும் தொழிற்படாத பசுங்குழவியினிடத்தும் ஆணவம் உண்டு; செருக்கு இல்லை.

பெரியோர் இவ்விடத்து எத்துணை எச்சரிக்கையாயிருந்தனர் என்பதற்கு உமாபதிசிவனாரே சான்றாவார். இம்மலத்தை இருள் என்று அதிகாரப் பெயரிலேயே வழங்கிய அவர், அச்சொல்லாற் கேட்போர் மயங்குவர் என்று கருதி, புறவிருள் பிறபொருள்களை மறைப்பினும் தன்னையேனும் காட்டும், இம்மலமோ பிறபொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்னும் வேற்றுமையை உடனே விளக்கினார். அணித்தாய சொல்லை வழங்க நேரினும் வேற்றுமையையும் உடன் சொல்லிவிடுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இக்காலத்து மேடைகளிலும் நாளிதழ்களிலும் ஆணவம் செருக்கின் பெயராகவே வழங்குகின்றது. சாதிச் செருக்கால் நிகழுங் கொடுங்கொலையை ஆணவக்கொலை என்று எழுதுதல் பெருவழக்காயிற்று. உலகவழக்கு தன் வழியே செல்லும். அதனைக் குறை கூறேம். ஆயின், அவ்வழக்கில் வளர்ந்தவர்க்குப் பாடஞ் சொல்வோர், நூல்வழக்கு வேறென்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் கடனாகும். யாம் அதனைச் செய்யத் தவறினோம்.

4. இன்மையும் அன்மையும்

ஒரு சொல்லின் வேற்றுமையால் ஒரு சமயமே வேறுபடும் என்பதற்கு அத்துவிதம் என்னுஞ் சொல்லினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. துவிதம் இரண்டு, அகரம் எதிர்மறை. இவ்வெதிர்மறை வடமொழியில் இன்மை, அன்மை, மறுதலை என்னும் மூன்று பொருளில் வரும். அரூபம் என்புழி உருவத்தின் இன்மையும், அநேகம் என்புழி ஒன்று அன்மையும், அதருமம் என்புழித் தருமத்தின் மறுதலையும் உணர்த்தல் காண்க.

இன்மையும் அன்மையும் தமிழில் ஒன்றுபோலவே ஒலிப்பன. பேச்சில் இல்லை, அல்ல என்பவற்றை நாம் நாடோறும் மாற்றி வழங்குகின்றோம். ஆயின், அத்துவிதம் என்பதற்கு இரண்டின் இன்மை என்று பொருள்கொண்டால் பொருள் ஒன்றே என்றாகி, உயிர் என ஒரு முதல் இல்லாதொழியும். இரண்டு அன்மை என்று கொண்டாலோ, பொருள் இரண்டாதல் மறுக்கப்படாது, அவை தம்முட் பிரிந்து நில்லாமையே கூறப்பட்டதாம். மெய்கண்டதேவர் இரண்டாஞ் சூத்திரத்து, ஒன்று என்பதே கருத்தாயின் அதற்கு ஏகம் என்னுஞ் சொல் உண்டாகவும் அதனை விடுத்து அத்துவிதம் என்றது எற்றுக்கு என்னும் நோக்கத்தானே, அச்சொல் வேறாய் நிற்றலை மறுப்பதென நாட்டினார். சிவஞான முனிவர் மாபாடியத்தின்கண் இதனைப் பலபட விரித்தருளினார்.

இதன்கண் நாம் கற்கவேண்டுவது ஒன்றுண்டு. பக்கத்தே வேறொரு சொல் ஆயத்தமாய் இருக்கவும், ஆசிரியன் அதனை எடாது இதனை எடுத்தான் என்றால், அதற்குக் காரணம் உண்டு. எடுக்கப்படாத சொல்லே எடுக்கப்பட்ட சொல்லின் பொருளை வரையறுக்கும். ஏகம் என்னாமையே அத்துவிதத்திற்கு உரையாயிற்று.

5. அன்பு, அருள், இரக்கம், பரிவு

மேற்கூறியன அறிவுபற்றிய சொற்கள். உள்ளத்துணர்ச்சி பற்றிய சொற்களில் வேற்றுமை இன்னும் நுண்ணிது.

திருவள்ளுவர் அன்புடைமையை 8-ஆம் அதிகாரமாக இல்லறவியலிலும், அருளுடைமையை 25-ஆம் அதிகாரமாகத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலுஞ் செல்வது அருள் என்று பரிமேலழகர் வரையறுத்தார். அன்பு முதிர்ந்தே அருளாதலின், அருளை அன்பின் மகவாக வள்ளுவர் உருவகித்ததூஉம் பொருந்துவதே. தாயும் சேயும் உறவினரேயன்றி ஒருவரல்லர்.

சித்தாந்தத்தின்கண் இவ்விரண்டற்கும் செல்லுந் திசை வேறு. உயிர் இறைவன்பாற் செலுத்துவது அன்பு. இறைவன் உயிரின்பாற் செலுத்துவது அருள். கண்ணப்பர் வரலாற்றின்கண் இரண்டனையும் ஒருங்கே காணலாம். காளத்தியில் இறைவன் கண்ணிற் குருதி கண்டு தம் கண்ணை இடந்து அப்பியது அன்பு. மற்றைக் கண்ணையும் இடக்கப் புகுந்தபோது இறைவன் திருக்கை தோன்றித் தடுத்தது அருள். கண்ணப்பர் இறைவன்மேல் இரக்கங் கொண்டார் என்று ஒருவர் கூறினால் நம் செவி ஏலாது. இரக்கம் பெரும்பாலும் மேலிருந்து கீழ் நோக்கிச் செல்வது. பரிவு கொண்டார் எனின் இனிது பொருந்தும். பரிவு என்பது அன்பினையும் அவ்வன்பான் எழுந் துன்பத்தினையும் ஒருங்கே உணர்த்துஞ் சொல்லாகலின்.

அற்றேல், திருமூலர் அன்பினையுஞ் சிவத்தினையும் வேறு என்பாரை அறிவிலார் என்றாரன்றோ? அன்பு உயிர்க்கு உரியதென்றது அதனோடு மாறுகொள்ளாதோ எனின், மாறுகொள்ளாது. உயிரின் அன்பு முறுகி முதிர்ந்துழி இறைவன் அவ்வன்பின்கண் அதுவேயாய் விளங்கி நிற்றலை அவர் கூறினார். ஈண்டும் மேலே கண்ட அத்துவிதமே கொள்ளப்படும். திசை வேறாதல் தொடக்கத்தில், பிரிவின்மை முடிவில்.

6. தண்டனை, நுகர்ச்சி, மறக்கருணை

இனி, அம்மாணாக்கர் வழங்கிய சொல்லை ஆராய்வாம். முன்செய்த வினையின் பயன் உயிரை வந்தடையும் என்பது சித்தாந்தத்துக்கு உடன்பாடே. அங்ஙனம் வந்தடைந்து இப்பிறப்பில் அனுபவிக்கப்படுவது பிராரத்தம். அதனை அனுபவித்தல் நுகர்ச்சி. நுகர்ச்சி என்னுஞ் சொல் இன்பத்திற்கும் துன்பத்திற்கும் பொது. தண்டனை என்பது அவ்வாறன்று. அது குற்றம் புரிந்தானையும், சினந்து ஒறுக்கும் அரசனையும் உடனழைத்துக்கொண்டே வருஞ் சொல். அரசன் ஒறுத்தல் நாட்டைக் காத்தற்பொருட்டு; ஒறுக்கப்பட்டான் அதனால் திருந்தினும் திருந்தாது அழியினும் நாடு காக்கப்பட்டால் அவன் தொழில் முடிந்தது. இறைவன் வினைப்பயனை ஊட்டுதலோ அவ்வுயிரின்பொருட்டே.

ஆதலின் அன்றோ, அருணந்திசிவனார் சிவஞானசித்தியாரில் அரசனோடு நில்லாது, சொல்வழி நில்லாத மக்களைக் கோலால் அடித்துத் திருத்தும் தாய்தந்தையரையும், சில நோயை அறுத்துங் கீறியும் சில நோயை மருந்தாலேயும் தீர்க்கும் மருத்துவனையும் உவமை கூறினார். இறைவன் செய்யும் ஒறுப்பும் அருளின் பாற்பட்டதே என்பது அவர் துணிபு. இதனையே மறக்கருணை என்று ஆன்றோர் வழங்கினர். தண்டனை என்பதில் இல்லாத கருணை அத்தொடரின்கண் உண்டு. அக்கருணையை நீக்கிவிட்டால் எஞ்சுவது சித்தாந்தமன்று.

ஆயினும் ஒன்று கூறுதும். துயருற்றான் ஒருவன் எதிரே அமர்ந்திருக்கும்போது, உரிய சொல்லாகிய மறக்கருணையையும் உடனே எடுத்து வழங்குதல் தகாது. பாடத்திற்கு உரிய சொல் ஆறுதலுக்கு உரிய சொல் ஆதல் எஞ்ஞான்றும் இல்லை. சொல்லின் பொருளறிதல் ஒன்று. அதனைச் சொல்லுங் காலமறிதல் மற்றொன்று. திருவள்ளுவர் சொல்வன்மை என 65-ஆம் அதிகாரத்தையும் அவையறிதல் என 72-ஆம் அதிகாரத்தையும் வேறுவேறாக வகுத்தது இதுபற்றியே போலும்.

7. சொற்றேரும் முறை

இதுகாறும் கூறியவற்றால், அணித்தாய இரு சொற்கள் எதிர்ப்பட்டுழி மாணாக்கர் வினாவவேண்டுவன நான்கு என்று தொகுத்துக் கூறலாம்.

முதலாவது: இச்சொல்லாற் குறிக்கப்படுவது எந்நிலையிலும் உள்ளதோ, ஒரு நிலையில் மட்டும் உள்ளதோ? இதனால் ஆணவமுஞ் செருக்கும் வேறாயின.

இரண்டாவது: இது யாரிடத்தினின்று யாரிடத்துச் செல்வது? இதனால் அன்பும் அருளும், இரக்கமும் பரிவும் வேறாயின.

மூன்றாவது: இதனால் ஆசிரியன் மறுப்பது யாது, அவன் எடாதுவிட்ட சொல் யாது? இதனால் இன்மையும் அன்மையும் வேறாயின.

நான்காவது: இச்சொல் தன்னோடு வேறு எக்கருத்துக்களை உடனழைத்து வரும், அவை இவ்விடத்துக்கு ஏற்குமோ? இதனால் தண்டனையும் நுகர்ச்சியும் வேறாயின.

அற்றேல், இங்ஙனம் நுணுகி நோக்கிப் பரிபாடைச் சொற்களையே வழங்குதும் எனின், கல்லாதார்க்கு நூல் விளங்காதொழியுமே. எளிமை வேண்டாவோ எனின், வேண்டும். ஆயின் எளிமை சொல்லை மாற்றுதலான் வருவதன்று. எடுத்துக்காட்டுத் தருதலான் வருவது. சிவஞானபோத வார்த்திகத்தில் மெய்கண்டதேவர் மேற்கோளும் ஏதுவுங் கூறிய அளவில் அமையாது உதாரண வெண்பாக்களையும் உடன்வைத்தது அந்நெறி காட்டுதற்கே. ஆணவத்தைச் செருக்கென்று மாற்றுவதினும், ஆணவம் என்றே கூறிச் செம்பையுங் களிம்பையும் காட்டுவது கேட்போர்க்கு எளிது, நூலுக்கும் இழுக்கின்று.

அடுத்த கிழமைப் பாடத்திற்கு அம்முதியவர் வருவாரோ வாராரோ என்று கவன்றிருந்தோம். வந்தார். பாடந் தொடங்குமுன், யாம் சென்ற கிழமை உரைத்தது பிழை என்றும், ஆணவம் செருக்கன்று, அறிவை மறைத்து நிற்பதொரு மாசு என்றும், குழந்தையினிடத்துச் செருக்கு இருந்ததென்று எந்நூலும் கூறவில்லை என்றும் அவையறியக் கூறினோம். அம்மாணாக்கரும் எழுந்து தாம் கூறிய சொல்லைப் பொறுத்தருள வேண்டினார். மறக்கருணை பற்றி அன்று ஒன்றும் உரைத்திலேம். கண்ணிற் படலத்தோடு பிறந்த குழவியைக் குற்றஞ் செய்தது என்று யாரேனும் கூறுவரோ, அதுபோன்றது இம்மலம் என்று மட்டும் ஒரு காட்டுத் தந்தோம்.

அவர் சிறிதுபோழ்து எண்ணியிருந்து, "அப்படியானால் அது நோய், சுவாமி, குற்றம் இல்லை. நோய் என்று சொல்லுங்கள், எனக்கு விளங்குகிறது. நோய் என்றால் வைத்தியனும் உண்டு அல்லவா?" என்றார்.

நிகண்டு கல்லாத அப்பெரியார், குற்றம் நோய் என்னும் இரண்டனுள் உரியதனைத் தாமே தேர்ந்துகொண்டார். உண்டு என்று விடைகூறி, அருளது நிலை என்னும் நான்காம் அதிகாரத்தைத் தொடங்கினோம்.